சேதாரத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள்!

ராஜபாளையத்தில் ஒரு நகைக் கடை. கடையின் பெயர் வேண்டாம். எந்தக் கடைக்குப் போனாலும் கதை ஒன்றுதான்.

அக்கா மகளுக்குக் கல்யாணம். ஒரு சங்கிலி வாங்க வேண்டும். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். "நீ படித்தவன். பில்லைப் பார்த்துச் சொல்லு" என்றாள்.

சங்கிலி பிடித்துவிட்டது. எடை 3 சவரன். அதாவது, 24 கிராம். கடைத் தம்பி கணக்குப் போடும் கருவியைத் தட்டினார்.

"தங்கம் 24 கிராம். வேஸ்டேஜ் 12 பர்சென்ட்."

"அப்படின்னா என்ன தம்பி?"

"சேதாரம், அக்கா."

"எவ்வளவு சேதாரம்?"

"2 கிராம் 880 மில்லி."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"24 கிராமுக்குக் காசு கொடுக்கிறேன். சங்கிலி கைக்கு வருது. 2 கிராம் 880 மில்லிக்கும் காசு கொடுக்கிறேன். அது எங்கே? அதையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுங்க."

கடைத் தம்பி சிரித்தார். பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மானேஜர் வந்தார். "என்னம்மா, எல்லாக் கடையிலும் உள்ளதுதானே? சரி, உங்களுக்காக 10 பர்சென்ட் போட்டுக்கலாம்" என்றார்.

12 போய் 10 ஆயிற்று. ஏறக்குறைய அரை கிராம் தங்கம், கண் மூடித் திறப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது!

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா கேட்டாள்: "ஏண்டா, பேசினால் குறைகிறது எப்படிச் சேதாரம் ஆகும்? உடைந்த பானை பேசினால் ஒட்டிக்கொள்ளுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். ராஜபாளையத்தில் ஒரு நாள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாள். அங்கே பார்த்ததையும், எனக்குத் தோன்றியதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

பழி இல்லாத சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போம்.

"சேதம்" வடமொழியிலிருந்து வந்த சொல். வெட்டுதல், துண்டாக்குதல் என்று பொருள். தலையை வெட்டுவதைச் "சிரச்சேதம்" என்கிறோமே, அந்தச் சேதம்தான் இது. பிறகு அது அழிவு என்ற பொருளுக்கும் ஆயிற்று. புயல் அடித்தால் பயிர்ச்சேதம். தீப்பிடித்தால் பொருட்சேதம். ரெயில் கவிழ்ந்தால் உயிர்ச்சேதம்.

அதற்கு உறவான சொல்தான் "சேதாரம்". ஒரு பொருளைச் செய்யும்போது அறுக்கிறோம், அராவுகிறோம், உருக்குகிறோம். அப்போது அதில் கொஞ்சம் குறைந்து போகிறது. அந்தக் குறைவுக்குச் சேதாரம் என்று பெயர்.

நம் மக்கள் எல்லா இழப்பையும் ஒரே பெயரால் அழைப்பதில்லை. வியாபாரத்தில் போனால் அது நட்டம். வேண்டாத செலவில் போனால் விரயம். குழாயை மூடாமல் விட்டுத் தண்ணீர் ஓடினால் அது வீண். நடந்து நடந்து செருப்புக் குறைந்தால் தேய்மானம். முறத்தில் புடைத்து ஒதுக்கினால் கழிவு.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முகம் இருக்கிறது. நட்டம் என்றால் வருத்தம். விரயம் என்றால் குற்றம். வீண் என்றால் வெட்கம்.

சேதாரத்துக்கு மட்டும் பழி இல்லை. ஏன்? அங்கே ஒரு பொருள் பிறக்கிறது. சட்டை தைத்தால் வெட்டுத் துணி விழும். கதவு செய்தால் மரச் சீவல் விழும். அதற்காகத் தையற்காரரையும் தச்சரையும் யாரும் கோபிப்பதில்லை. "வேலை என்றால் கொஞ்சம் போகத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறோம்.

வேடிக்கைக்கும் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறோம். சைக்கிளிலிருந்து விழுந்தவனைத் தூக்கிவிட்டு, "உடம்புக்குச் சேதாரம் ஒன்றும் இல்லையே?" என்று கேட்கிறோம். கல்யாணம் நடத்தி முடித்தவரிடம், "மொத்தச் சேதாரம் எவ்வளவு?" என்று கேட்கிறோம். கேட்பவரும் சிரிப்பார். பதில் சொல்பவரும் சிரிப்பார்.

அவ்வளவு நல்ல பெயர் வாங்கிய சொல் அது. நல்ல பெயர் வாங்கியவரின் நிழலில் ஒளிந்துகொள்வது சுலபம். அதுதான் இப்போது நடக்கிறது என்பது என் கட்சி.

ஆசாரியின் மடித்துணி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பொன் வேலை செய்யும் ஒரு பெரியவரைப் பார்த்தேன். வயது எழுபதுக்கு மேல். கண் பார்வை குறைந்துவிட்டது. இப்போது மூக்குத்திக்குத் திருகாணி போடுவது, அறுந்த கொலுசைப் பற்றவைப்பது போன்ற சின்ன வேலைகள்தான்.

"ஐயா, சேதாரம் எங்கே போகிறது?" என்று கேட்டேன்.

"உட்காருங்க தம்பி, காட்டுறேன்" என்றார்.

மடியில் ஒரு துணியை விரித்தார். ஒரு பழைய வளையத்தை எடுத்து அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். மஞ்சள் பொடி துணியில் விழுந்தது. துணியை உதறவில்லை. நான்கு மூலையையும் பிடித்துப் பொடியை நடுவுக்குக் கொண்டுவந்தார். பன்றி முடித் தூரிகையால் ஒரு கிண்ணத்தில் தள்ளினார்.

"இது ஒரு சேதாரம். ஆனால், போகலையே! கிண்ணத்தில் இருக்கு. மறுபடியும் உருக்கினால் தங்கம்தான்."

பிறகு கணக்கை விவரமாகச் சொன்னார். உருக்கும்போது மண் மூசையின் சுவரில் கொஞ்சம் ஒட்டும். கம்பி இழுக்கும்போது நுனியை வெட்ட வேண்டும். பற்றவைத்த இடத்தை அராவ வேண்டும். கடைசியில் மெருகு போடும்போதும் கொஞ்சம் தேயும். இத்தனை இடத்தில் குறையும். இதில் பெரும்பகுதி திரும்பிக் கைக்கு வந்துவிடும்.

திரும்பி வராதது?

"அதையும் விடுறதில்லை. பட்டறைத் தரையைக் கூட்டினால் அந்தக் குப்பையைக் கொட்ட மாட்டோம். கை கழுவிய தண்ணீரைக்கூட ஒரு சட்டியில் ஊற்றி வைப்போம். மண் அலசுகிறவங்க வந்து காசு கொடுத்து வாங்கிப் போவாங்க. பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணிலேயே தங்கம் அரித்து எடுக்கிற ஆட்கள் இருந்தாங்க" என்றார்.

ஒரு விஷயத்தையும் அவர் தெளிவுபடுத்தினார். நகையில் செம்பும் வெள்ளியும் கலப்பது சேதாரம் அல்ல. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சொக்கத் தங்கம் மெதுவானது. நகை வளைந்து போகும். அதனால் வேறு உலோகம் சேர்க்கிறார்கள். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். 1,000 பங்கில் 916 பங்கு. இதைத்தான் "916 தங்கம்" என்கிறோம். அந்தக் கலப்புக்கு ஏற்றபடிதான் கிராம் விலை. சேதாரம் வேறு கணக்கு.

சந்தேகம் யார் மேல்?

அந்தக் காலத்தில் ஆசாரியிடம் நகை செய்வது எப்படி என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

வீட்டுப் பொன்னை நாமே கொண்டுபோய்க் கொடுப்போம். அவர் நம் கண் முன் நிறுப்பார். குன்றிமணிதான் எடைக் கல். 2 குன்றிமணி ஒரு மஞ்சாடி. சவரனுக்கு இத்தனை குன்றிமணி சேதாரம், இவ்வளவு கூலி என்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம். நகை வந்ததும் மறுபடி நிறுப்போம்.

அதோடு விட்டோமா? உருக்குகிற அன்று பாட்டி எதிரில் உட்கார்ந்துகொள்வாள். காப்பி குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டாள். தாய்க்குச் செய்யும் நகையிலும் தட்டார் கொஞ்சம் பொன் எடுத்துக்கொள்வார் என்று ஒரு பழமொழியே கட்டிவைத்தோம். ஒரு தொழிலையே திருட்டுத் தொழில் போலப் பேசிய பழமொழி அது. நியாயமில்லாத பழமொழி.

இப்போது எப்படி? குளிர்ந்த காற்று வீசும் கடை. கண்ணாடிப் பெட்டி. உட்கார மெத்தை நாற்காலி. குடிக்க ஜூஸ். பில்லில் "12 சதவீதம்" என்று ஒரு வரி. நாம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பையையும் காலண்டரையும் வாங்கிக்கொண்டு வருகிறோம்.

கண் முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவரைச் சந்தேகித்தோம். கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கேட்ட தொகையைக் கொடுக்கிறோம். இது என்ன நியாயம்?

அந்தப் பெரியவர் பட்ட இழப்பு ஒன்று உண்டு. அது எந்தப் பில்லிலும் ஏறவில்லை. 1963 ஜனவரியில் மத்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றார்கள். நாடு முழுவதும் பொற்கொல்லர் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1990இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. அதன் பிறகு தொழில் திரும்பி வந்தது. ஆனால், அது பட்டறைக்கு வரவில்லை. பெரிய கடைக்கும் இயந்திரத்துக்கும் போய்விட்டது.

"என் அப்பா காலத்தில் இந்தத் தெருவில் வரிசையாகப் பட்டறை. இப்போது விரல் விட்டு எண்ணலாம்" என்றார் பெரியவர்.

ஆள் போய்விட்டார். அவர் மடித்துணி போய்விட்டது. அவர் வேலைக்கு வைத்த பெயர் மட்டும் பில்லில் உட்கார்ந்திருக்கிறது.

மில்லின் கணக்கு

அடுத்து ராஜபாளையம். பஞ்சாலை ஊர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இங்கே ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன் பிறகு ஊரைச் சுற்றி மில்கள் பெருகின.

ஓய்வு பெற்ற ஒரு மில் மேஸ்திரியிடம் பேசினேன். "எங்கள் தொழிலில் சேதாரம் உங்கள் நகைக் கடையைவிட அதிகம்" என்று சிரித்தார்.

ஒரு பேல் பஞ்சு 170 கிலோ. உள்ளே போகும்போது அதில் இலைத் தூள், விதைத் துண்டு, மண் எல்லாம் இருக்கும். முதலில் அவற்றை உதறி எடுக்கிறார்கள். பிறகு முள் உருளையில் சீவுகிறார்கள். மெல்லிய உயர்ந்த நூலுக்கு இன்னொரு தடவை சீப்பு இயந்திரத்தில் வாருகிறார்கள். அதற்குக் கோம்பர் என்று பெயர். அம்மா தலை வாரும்போது சீப்பில் முடி வருவதுபோல், நீளம் குறைந்த நார் எல்லாம் அங்கே வெளியே வந்துவிடும்.

எவ்வளவு வரும்? கோம்பரில் மட்டும் 100 கிலோவுக்கு 12 கிலோ முதல் 20 கிலோ வரை வரும்.

பாருங்கள், அதே 12! அக்காவின் சங்கிலியில் கேட்ட அதே 12!

ஆனால், மில்லில் அது தரையில் கிடக்கிறது. கண்ணால் பார்க்கலாம். கையால் அள்ளலாம். அதை நிறுத்து, பொதியாகக் கட்டி, விலைக்கு விற்கிறார்கள். அதை வெளுத்துச் சுத்தம் செய்தால் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு வைக்கும் பஞ்சு. மட்டமான கழிவு தலையணைக்குள் போகும். அறுந்த நூல் கழிவு, மெக்கானிக் கடையில் எண்ணெய்க் கையைத் துடைக்கப் போகும்.

இன்னொரு அதிசயம். நம் ரூபாய் நோட்டின் காகிதம் மரக் கூழில் செய்தது அல்ல. பஞ்சு நாரில் செய்தது. அதற்கும் கோம்பர் கழிவு பயன்படுகிறது. சேதாரம் என்று ஒதுக்கிய நார்தான் நோட்டாகி நம் மடியில் இருக்கிறது. அந்த நோட்டைத்தான் நகைக் கடையில் சேதாரத்துக்கு எண்ணிக் கொடுக்கிறோம்!

"எல்லாவற்றையும் நிறுத்தாலும் கணக்கு இடிக்குமே?" என்று கேட்டேன்.

"இடிக்கும். ஈரம் காய்ந்து போகும். தூசி காற்றில் போகும். அதை யாராலும் பிடிக்க முடியாது. அதற்கும் கணக்குப் புத்தகத்தில் தனி வரி உண்டு. கண்ணுக்குத் தெரியாத கழிவு என்று எழுதுவோம். அது கொஞ்சம் கூடினாலும் மேலே இருந்து கேள்வி வரும்" என்றார்.

கண்ணுக்குத் தெரியாத கழிவுக்கும் மில்லில் கேள்வி கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரிய வேண்டிய சேதாரத்தைப் பற்றி நாம் நகைக் கடையில் கேட்பதில்லை.

கோவாவின் கணக்கு

மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊருக்குப் போய்ப் பால்கோவா வாங்காமல் திரும்ப முடியுமா? 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா அது.

ஒரு கடைக்குப் பின்னால் அடுப்பங்கரை. விறகு எரிகிறது. பெரிய இரும்புச் சட்டியில் பால் கொதிக்கிறது. ஒருவர் நீண்ட கரண்டியால் விடாமல் கிளறுகிறார். நின்றால் அடிப்பிடித்துவிடும். முகத்தில் வேர்வை வழிகிறது.

"எவ்வளவு பால், எவ்வளவு கோவா?" என்று கேட்டேன்.

"பத்து லிட்டர் பாலும் சர்க்கரையும் போட்டால் ஏறக்குறைய 3 கிலோ வரும்."

"மீதி?"

கரண்டியைத் தூக்கி மேலே காட்டினார். ஆவி கூரையைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

பாலில் 100 பங்குக்கு 87 பங்கு தண்ணீர். அது போனால்தான் கோவா. சட்டியில் போட்டதில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆகாயத்துக்குப் போகிறது. இவ்வளவு பெரிய சேதாரம் வேறு எந்தத் தொழிலில் உண்டு? அந்த ஆவியைப் பிடித்து யாரும் விற்க முடியாது. அது நிஜமாகவே போய்விட்டது.

ஆனால், பால்கோவாக் கடையில் பில் எப்படிப் போடுகிறார்கள்? "கோவா கால் கிலோ, இவ்வளவு ரூபாய்". அவ்வளவுதான். "ஆவியாய்ப் போன பாலுக்கு 75 பர்சென்ட்" என்று எந்தக் கடைக்காரராவது எழுதுகிறாரா? எழுதினால் நாம் விடுவோமா?

பால், சர்க்கரை, விறகு, ஆள் கூலி, கடை வாடகை, லாபம் எல்லாம் சேர்த்து ஒரு விலை. வேண்டுமென்றால் வாங்கு. இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போ. அடுத்த கடையின் விலையும் பலகையில் இருக்கிறது. ஒரு குழந்தைகூட ஒப்பிட்டுப் பார்க்கும்.

முக்கால் பங்கு இழப்பவர் ஒரு விலை சொல்கிறார். துளி இழப்பவர் தனி வரி போடுகிறார். வேடிக்கையாக இல்லையா?

கடையை விட்டு வெளியே வந்தால் ஆண்டாள் கோவிலின் 11 நிலைக் கோபுரம் தெரிகிறது. ஒருவர் சூடிய மாலை சாமிக்கு ஆகாது, அது கழிக்க வேண்டிய மாலை என்பது உலக வழக்கு. ஆண்டாள் சூடிய மாலையோ பெருமாளுக்கே உகந்தது ஆயிற்று. இன்றும் அது திருப்பதிப் பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் அழகருக்கும் போகிறது. எது கழிவு, எது கழிவு அல்ல என்பதை நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது இந்த ஊருக்குப் பழைய பாடம்.

வியாபாரி சொல்வதும் நியாயமே, ஆனால்...

நகை வியாபாரிகள் பக்கத்தையும் கேட்க வேண்டும். கேட்டேன்.

"கடை வாடகை யார் கொடுப்பது? ஆள் சம்பளம், கரண்ட் பில், வட்டி, காவல், விளம்பரம் எல்லாம் எங்கிருந்து வரும்? தங்கத்தின் விலை ஊருக்கெல்லாம் ஒன்று. அதில் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. சேதாரத்தில்தான் எல்லாம்" என்றார் ஒருவர்.

இது ஒளிவு மறைவு இல்லாத பேச்சு. இதில் தவறும் இல்லை. கடை நடத்துகிறவருக்கு லாபம் வேண்டாமா? நுட்பமான வேலைக்குக் கூடுதல் கூலி வேண்டாமா? வேண்டும். கொடுக்கிறோம்.

என் சண்டை தொகையோடு அல்ல. பெயரோடுதான்.

லாபத்தை லாபம் என்று சொல்லுங்கள். கூலியைக் கூலி என்று சொல்லுங்கள். சேதாரம் என்று ஏன் சொல்ல வேண்டும்? இயந்திரத்தில் இழைத்த சங்கிலியில் போகிற தங்கம் மிகக் குறைவு. பட்டறைத் தூசியையும் இப்போது உருக்கி, சுத்தம் செய்து மீட்டுவிடுகிறார்கள். பிறகு எதற்கு அந்தப் பெயர்?

காரணம் எளிது. "எனக்கு இவ்வளவு லாபம்" என்று சொன்னால் நாம் பேரம் பேசுவோம். "இவ்வளவு போய்விட்டது" என்று சொன்னால் வாயை மூடிக்கொள்வோம். இழப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் இரங்கிவிடுகிறது. நம் இரக்கத்துக்கு ஒரு விலை போட்டிருக்கிறார்கள்.

இதனால் யாருக்குக் கெடுதல்? பணக்காரருக்கு 2 கிராம் பெரிதல்ல. சிறுகச் சிறுகச் சேர்த்து, சீட்டுக் கட்டி, ஒரு சவரன் வாங்குகிற குடும்பத்துக்கு அது பெரிது. மில்லுக்குப் போகும் பெண்ணும், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டித் தறிக்காரரும் நகை வாங்குவது அழகுக்கு மட்டும் அல்ல. ஆபத்துக்கு உதவும் என்று வாங்குகிறார்கள். ஆபத்து வரும் நாளில் அதே சங்கிலியை விற்கப் போனால் 24 கிராமுக்குத்தான் விலை. அதிலும் உருக்குக் கழிவு, அழுக்குக் கழிவு என்று கொஞ்சம் பிடிப்பார்கள். வாங்கும்போது கொடுத்த 2 கிராம் 880 மில்லி? அது கணக்கிலேயே வராது.

போதாக்குறைக்கு வரி. நகைக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அது பில் தொகை முழுவதற்கும். நம் கைக்கு வராத சேதாரத்துக்கும் சேர்த்துத்தான் வரி கட்டுகிறோம்.

நாம் என்ன செய்யலாம்?

கூச்சப்படாமல் கேட்க வேண்டும். அதுதான் முதல் வேலை.

சதவீதத்தில் சொன்னால், "கிராமில் எவ்வளவு? ரூபாயில் எவ்வளவு?" என்று கேளுங்கள். 12 சதவீதம் என்றால் காதில் லேசாக விழும். "ஒரு மோதிரம் செய்கிற தங்கம்" என்றால்தான் மனதில் தைக்கும்.

செய்கூலியையும் சேதாரத்தையும் சேர்த்து ஒரே தொகையாகப் பாருங்கள். "செய்கூலி இல்லை" என்ற பலகையைக் கண்டு மயங்க வேண்டாம். அதைச் சேதாரத்தில் ஏற்றியிருக்கலாம். அதே எடை, அதே மாதிரி நகைக்கு இரண்டு மூன்று கடையில் மொத்த விலை கேளுங்கள். பால்கோவாவை ஒப்பிடுவதுபோல் ஒப்பிடுங்கள்.

கல் வைத்த நகை என்றால் கல் எடையைத் தனியாகவும், தங்க எடையைத் தனியாகவும் எழுதச் சொல்லுங்கள். கல்லைத் தங்க விலைக்கு வாங்க வேண்டாம்.

ஹால்மார்க் முத்திரையைப் பாருங்கள். 2021 ஜூன் 16 முதல் அது படிப்படியாகக் கட்டாயம் ஆகியிருக்கிறது. நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த 6 குறிகள் கொண்ட அடையாளம் இருக்கும். அதை அரசாங்கத்தின் "பி.ஐ.எஸ். கேர்" என்ற கைப்பேசிச் செயலியில் போட்டால் விவரம் வரும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அதனிடம் கொடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். நகையைப் பெட்டியில் வைத்துவிட்டு, பில்லைக் குப்பையில் போடுகிறவர்கள் நம்மில் அதிகம்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. தூய்மைக்கு முத்திரை வைத்தீர்கள். நல்லது. இனி விலைக்கும் ஒரு வழி செய்யுங்கள். தங்கத்துக்கு ஒரு வரி. கூலிக்கும் லாபத்துக்கும் சேர்த்து ஒரு வரி. பில்லில் இந்த இரண்டு மட்டும் இருக்கட்டும். சேதாரம் என்று எழுத விரும்புகிற கடைக்காரர், அது எங்கே போயிற்று என்று காட்டட்டும். மில் மேஸ்திரி காட்டுகிறார். கோவாக்காரர் கரண்டியால் காட்டுகிறார். ஆசாரி மடித்துணியை விரித்துக் காட்டுகிறார். நகைக் கடையும் காட்டட்டுமே!

நகைக் கடையோடு இது முடிகிற விஷயமும் அல்ல. விளைந்ததை விற்கப் போகும் விவசாயியிடம் "மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு" என்று பிடிக்கிறார்களா? "எந்தக் கழிவு? காட்டு" என்று கேட்க வேண்டும். போனது எங்கே என்று காட்ட முடியாதவருக்குச் சேதாரம் என்ற சொல்லைச் சொல்ல உரிமை இல்லை.

அக்காவின் டப்பா

ஊருக்குக் கிளம்பும் முன் அக்கா பீரோவைத் திறந்தாள். பழைய பவுடர் டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

உள்ளே ஒரு காகிதப் பொட்டலம். திருகு போன ஒற்றைக் கம்மல். அறுந்த சங்கிலியின் மூன்று கண்ணிகள். நசுங்கிப்போன குழந்தை மோதிரம். எங்கள் அம்மாவின் மூக்குத்தி ஓடு.

"இதெல்லாம் என் சேதாரம். இருபத்தைந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றுகூடப் போகவில்லை. நிறுத்துப் பார்த்தேன், 4 கிராம் இருக்கிறது" என்றாள்.

கல்யாணத்துக்கு முன் அதை அந்தப் பெரியவரின் பட்டறைக்கு எடுத்துப் போகப் போகிறாளாம். மகளுக்கு ஒரு மோதிரம் செய்ய வேண்டுமாம்.

"நீங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பீர்களா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

"உட்காருவேன். சந்தேகத்துக்கு இல்லை. அவர் மடித்துணியில் விழுகிறதை மகளுக்குக் காட்ட வேண்டாமா?" என்றாள் அக்கா.